டிவியில சண்டை, கலியாண வீட்டுல சிரிப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதம், வாட்ஸ்அப் வொய்ஸ் எல்லாத்தையும் போட்டுப் பாத்தா முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுத்துது. எதிரெதிர்க் கட்சிக்காரர் உண்மையிலேயே சேர்ந்து வேலை செய்யிறாங்களா, இல்ல அதுவும் நடிப்பா? அதனால காணி உறுதி, பென்ஷன், மருமகள் பிரச்சினை எழுதின ஆக்கள் கோவிக்காதேங்கோ, உங்களுக்கு அடுத்த இதழ்ல.

உவர்மலை வாசகர்: ராத்திரி டிவி விவாதத்தில ஆளையாள் கள்ளன் எண்டு ஏசின ரெண்டு எம்பிமார், அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டுல ஒரே மேசையில இருந்து சிரிச்சுச் சிரிச்சு பிரியாணி சாப்பிட்டாங்க. இவங்களுக்காக நான் என்ட சொந்த மச்சானோட மூணு வருஷமா கதைக்கிறேல்ல. இதில எது உண்மை, சண்டையா சிரிப்பா?

ரெண்டும் உண்மைதான் அண்ணன். முதல்ல மச்சானுக்கு ஒரு கோல் எடுங்கோ, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

ஒண்டா இருந்து சாப்பிடுறது பழக்கவழக்கம், அதை ஒத்துழைப்பு எண்டு நினைச்சு சந்தோஷப்படவும் வேணாம், துரோகம் எண்டு நினைச்சுக் கொதிக்கவும் வேணாம். பெரியாரும் ராஜாஜியும் காலம் முழுக்க எதிரும் புதிருமா நிண்டவங்க, ஆனா 1972 டிசம்பர்ல ராஜாஜி செத்தப்போ பெரியார் தள்ளுவண்டியில சுடுகாட்டுக்கு வந்து அழுதார், அதுக்காக ரெண்டு பேர்ல ஆராவது கொள்கையில ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்தாங்களா எண்டு பாத்தா இல்ல. ஆக பிரியாணியை விடுங்கோ. நான் பாக்கிறது வேற. ஆர் ஆருக்கு எதைக் கொடுத்தாங்க, அதில சனத்துக்கு வந்து சேர்ந்தது என்ன.

எங்கட திருகோணமலை மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு, சம்பூர். 2006ல சண்டையில இடம்பெயர்ந்த சனம், கிளிவெட்டி, பட்டித்திடல் எண்டு முகாம்களில வருஷக்கணக்கா தகரத்துக்குக் கீழ கிடந்தது, ஊர்க்காணியில 818 ஏக்கரை முதலீட்டு வலயம் எண்டு சொல்லி எடுத்தாச்சு, மற்றப் பக்கம் நேவி. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா பாராளுமன்றத்தில கத்தாத கத்தில்ல, ஒண்டும் அசையேல்ல. 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தல்ல கூட்டமைப்பு மைத்திரிபால சிறிசேனவுக்கு ஆதரவு கொடுத்திச்சு, இந்த மாவட்டத்துச் சனமும் அள்ளிப் போட்டுது. அந்த வருஷமே காணியை எடுத்த வர்த்தமானி ரத்தாகி, கம்பனிக்காரர் கோட்டுக்குப் போய், அதையும் தாண்டி 818 ஏக்கரும் திரும்ப வந்திச்சு, அடுத்த வருஷம் நேவி இருந்த 237 ஏக்கரும் வந்திச்சு. வெறும் காணிதான் வந்தது, வீடு, கிணறு, மரம் எல்லாம் முடிஞ்சு போய்த்தான் கிடந்தது, ஆனா வந்திச்சு. மைத்திரிக்கு வாக்குத் தேவை, எங்களுக்குக் காணி தேவை. நல்ல மனசு எவ்வளவு கலந்திருந்தது எண்டு எனக்குத் தெரியாது, அதைத் தேடவும் மாட்டன்.

கிண்ணியா வாசகர்: 2015ல கிழக்கு மாகாணசபையில முஸ்லிம் காங்கிரசும் கூட்டமைப்பும் சேர்ந்து ஆட்சி செஞ்சது மனசார நடந்ததா, கதிரைக்காக நடந்ததா?

கதிரைக்காகத்தான் நானா, கணக்கைப் பாத்தாலே விளங்கும். 2012 தேர்தல்ல மொத்தம் 37 ஆசனம். அப்ப ஜனாதிபதியா இருந்த மகிந்தட வெற்றிலைச் சின்னக் கூட்டணிக்கு 14, கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு (ஐதேக) 4, விமல் வீரவன்சட ஆக்களுக்கு 1. ஆருக்கும் தனிய 19 இல்ல. அப்பவே கூட்டமைப்பு, முதலமைச்சர் கதிரையை நீங்களே எடுங்கோ எண்டு காங்கிரசுக்குச் சொல்லிப் பாத்திச்சு, அவங்க மகிந்தட பக்கம் போயிட்டாங்க. கொழும்பில ஆட்சி மாறின பிறகு 2015 பெப்ரவரியில காங்கிரசின்ட ஹாபிஸ் நசீர் முதலமைச்சர், கூட்டமைப்புக்கு கல்வியும் விவசாயமும். பதினொண்டு வச்சிருக்கிற எங்களுக்கு முதலமைச்சர் இல்லையாம், ஏழுக்கு இருக்காம் எண்டு தமிழ் ஆக்கள் கொஞ்சப் பேரா கத்தினது, எனக்கு வந்த கடிதத்தை எல்லாம் சேர்த்து வச்சிருந்தா ஒரு சாக்கு வரும்.

ஆனாலும் அந்த ரெண்டரை வருஷத்தை நான் லேசா எடுக்க மாட்டன். கல்வி அமைச்சர் கதிரையில திருகோணமலைத் தமிழர் ஒருத்தர் இருந்தா, கிண்ணியாப் பள்ளிக்கூடத்து இடமாற்றமும் கந்தளாய்ச் சிங்களப் பள்ளிக்கூடத்துக் கட்டடமும் அவர்ட மேசைக்குத்தான் வரவேணும், அதே மாதிரி முதலமைச்சரிட்ட தமிழ் ஊர்க்காரனும் போய் நிக்கவேணும். போகாம இருக்க ஏலாது. விருப்பம் இல்லாட்டியும் ஆளையாள் முகம் பாத்துக் கதைக்கிற ஒரு கட்டாயம் இருந்திச்சு. 2017 செப்டம்பர்ல சபை காலாவதியாச்சு, அதோட அந்தக் கட்டாயமும் போச்சு, இப்ப எல்லாத்துக்கும் ஆளுநர் அலுவலக வாசல்தான்.

தேர்தல் ஏன் நடக்கேல்ல எண்டு தெரியுமோ? 2017ல மாகாணசபைத் தேர்தல் முறையை மாத்துறம் எண்டு சட்டம் கொண்டுவந்தாங்க, எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்ட்ல பாராளுமன்றத்தில வாக்கெடுப்புக்கு வந்திச்சு. எதிராக 139 வாக்கு, ஆதரவாக பூச்சியம். அறிக்கையைக் கொண்டுவந்து வச்ச அமைச்சரே எதிர்த்துத்தான் போட்டார்! பழைய முறையும் போச்சு, புது முறையும் வரேல்ல, சபையும் இல்ல. கட்சி பேதமில்லாத ஒற்றுமை வேணும் வேணும் எண்டு கேக்கிறீங்கள்தானே, அண்டைக்கு நல்லாவே இருந்திச்சு.

திருக்கடலூர் வாசகர், வயது எழுபத்தெட்டு: அந்தக் காலத்துத் தலைவர்கள் கட்சி வேறெண்டாலும் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினாங்க. இப்ப உள்ளவங்களுக்கு அந்தப் பண்பு இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?

ஐயா, வயசுக்கு மரியாதை, ஆனா உங்கட ஊர்க் கோயில்ட கதையே உங்களுக்கு எதிரா இருக்கு. 1965 மார்ச்சில ஐதேக தலைவர் டட்லி சேனாநாயக்கவும் தமிழரசுத் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செஞ்சாங்க, ஏழு கட்சி சேர்ந்து அரசாங்கம் அமைச்சிச்சு, அதில தமிழரசும் இருந்திச்சு, 1949ல இருந்து தமிழரசோட முறுகிக்கொண்டு நிண்ட தமிழ்க் காங்கிரசும் இருந்திச்சு. தமிழரசின்ட செனட்டர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். அவர் 1968ல கோணேசர் கோயில் இருக்கிற கோட்டைப் பகுதியைப் புனித பிரதேசமாக்க ஏலுமா எண்டு பாக்கிறதுக்கு ஒரு குழு போட்டார். குழு மட்டும்தான், வேலி கூடப் போடேல்ல. பிக்கு ஒருத்தர் எதிர்ப்புத் தெரிவிச்சு எழுதினார், டட்லி தன்ட அமைச்சரிட்ட ஒரு சொல்லுக் கேக்காமலே குழுவை நிப்பாட்டச் சொல்லிட்டார், திருச்செல்வம் ராஜினாமா. ஒப்பந்தத்தில வாக்குக் கொடுத்த மாவட்டசபை மசோதாவும் அதே வருஷம் கைவிடப்பட்டது. பிறகு தமிழரசும் அரசாங்கத்தை விட்டு வெளியில வந்திச்சு.

டட்லி கெட்ட மனுஷன் எண்டு ஆரும் சொல்லுறேல்ல, சொல்லப்போனா அந்தக் காலத்துத் தெற்குத் தலைவர்களில கண்ணியமான ஆள் அவர்தான். அதுதான் எனக்கு இதில முக்கியம். கண்ணியம் இருந்தும் தன்ட கட்சிக்குள்ள அடி விழும் எண்ட உடனே கை பின்னுக்குப் போச்சு. திருகோணமலைக்கு ஒரு நல்ல கதையும் இருக்கு ஐயா, அதை நீங்க நேரில பாத்திருப்பீங்க. 1972 மே 14, தமிழரசு செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸ் பொன்னம்பலம், மலையகத்துத் தொண்டமான் மூண்டு பேரின்ட கட்சியும் எங்கட பட்டினத்தில கூடித்தான் தமிழர் கூட்டணியை உருவாக்கினாங்க. இருபத்திரண்டு வருஷப் பகை. எது சேர்த்தது? புதுக் குடியரசு யாப்பு எட்டு நாளில நிறைவேறப் போகுது, எல்லாற்ற கழுத்திலயும் ஒரே கத்தி.

அதுவும் நிலைச்சு நிக்கேல்ல எண்டது உங்களுக்குத் தெரியும்.

வளாக மாணவி, கோணேசபுரி: அரசியலமைப்பின்ட 19வது திருத்தத்துக்கு 215 பேர் ஆதரவாக வாக்களிச்சாங்க எண்டு படிச்சம். இதைவிடப் பெரிய ஒத்துழைப்பு வேற இருக்கா?

தங்கச்சி, எண்ணிக்கையைப் பாத்து ஏமாறாதீங்கோ, இந்த நாலு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில எழுதிப் பாருங்கோ.

2010 செப்டம்பர், 18வது திருத்தம், ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டுது, ஆதரவு 161. 2015 ஏப்ரல், 19வது, அதிகாரத்தைக் குறைக்குது, ஆதரவு 215. 2020 ஒக்டோபர், 20வது, திரும்பக் கூட்டுது, ஆதரவு 156. 2022 ஒக்டோபர், 21வது, திரும்பக் குறைக்குது, ஆதரவு 179. கடைசி ரெண்டும் ஒரே பாராளுமன்றம், இடையில ஒரு தேர்தல் கூட இல்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு. அதிகாரத்தைக் கூட்டினதும் அந்த ஆக்கள்தான், குறைச்சதும் அந்த ஆக்கள்தான், ரெண்டு தரமும் நாட்டுக்காக எண்டுதான் மைக்கில சொன்னாங்க. 20வதில முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எதிராகவும் அவர்ட எம்பிமார் நாலு பேர் ஆதரவாகவும் போட்ட கூத்தும் நடந்திச்சு, அந்த நாலு பேர்ல மூண்டு பேர் எதிர்க்கட்சிக் கூட்டணியில கேட்டு வெண்ட ஆக்கள். இதை ஒத்துழைப்பு எண்டு சொன்னா வேலிக்கு மேல பாயிறதுக்கு வேற பேர்தான் தேடவேணும்.

ஆனா 19வதை நான் தள்ளிவைக்க மாட்டன். 2018 ஒக்டோபர் 26 ராத்திரி ஜனாதிபதி மைத்திரி, ரணிலைத் தூக்கிப்போட்டு மகிந்தவைப் பிரதமராக்கி, பிறகு நவம்பர் 9ல பாராளுமன்றத்தைக் கலைச்சப்போ, நாலரை வருஷம் முடியமுதல் கலைக்க ஏலாது எண்டு அந்தத் திருத்தத்தில இருந்த ஒரு வரிதான் உயர் நீதிமன்றத்தில எல்லாருக்கும் ஆயுதமாச்சு. ஐதேக, கூட்டமைப்பு, ஜேவிபி, முஸ்லிம் காங்கிரஸ், ரிசாத் பதியுதீன்ட கட்சி, ஒருத்தரை ஒருத்தர் பாத்தா முகம் சுழிக்கிற ஆக்கள் எல்லாம் ஒரே வழக்குக்கு வரிசையில நிண்டாங்க. டிசம்பர் 13 ஏழு நீதியரசரும் ஒரே முடிவு, கலைச்சது பிழை. அதுக்கு முதல் நாள் ரணிலுக்கு நம்பிக்கை வாக்கெடுப்பு, 117, கூட்டமைப்பு ஆதரவாகப் போட்டுது, ஜேவிபி அந்தப் பக்கம் வரேல்ல. வழக்குக்கு வருவம், ரணிலைத் தூக்கிப் பிடிக்க மாட்டம் எண்டு நிண்டாங்க. எனக்கு அது பிடிச்சிச்சு. எதுக்குச் சேருறம், எதோட நிப்பாட்டுறம் எண்டு தெளிவா தெரிஞ்ச ஒத்துழைப்பு இந்த நாட்டில அருமை.

சீனக்குடா வாசகர்: எண்ணெய்க் குதம் விஷயத்தில ஆர் சொல்லுறதை நம்புறது?

எதிர்க்கட்சியில இருக்கிறவர் சொல்லுறதை நம்பாதேங்கோ. வெள்ளைக்காரன் கட்டின 99 குதம் உங்கட வீட்டுக்குப் பின்னால நிக்குது, 2022 ஜனவரியில இந்தியாவோட ஒப்பந்தம் வந்தப்போ, நாட்டை விக்கிறாங்கள் எண்டு ஜேவிபி பெரிசா எதிர்த்திச்சு. 2025 ஏப்ரல்ல மோடி வந்தார், அப்ப தேசிய மக்கள் சக்தி எண்ட பேரில ஆட்சியில இருந்தது அதே ஆக்கள்தான், திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவோடயும் அமீரகத்தோடயும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. இதைப் பிழை எண்டும் சொல்லேல்ல. எந்தக் கட்சி வந்தாலும் ஒரே பாதையில போகிற விஷயம் சிலது இருக்கு, அதில ஒத்துழைப்பும் இல்ல எதிர்ப்பும் இல்ல, கதிரை மாறினாப் பேச்சு மாறும்.

தம்பலகாமம் வாசகி: மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில எம்பிமார் கத்துற வீடியோதான் பேஸ்புக்கில வருது. உள்ள உண்மையில என்னதான் நடக்குது?

அக்கா, கச்சேரி (மாவட்டச் செயலகம்) மண்டபத்தில நடக்கிற அந்தக் கூட்டத்தை ஒருக்கா முழுசா இருந்து பாக்கவேணும். முன்வரிசையில எம்பிமார், பக்கத்தில அரசாங்க அதிபர், பின்னால பதினொரு பிரதேச செயலகத்தில இருந்தும் வந்த ஆக்கள், வன இலாகா, தொல்லியல், கடற்றொழில், மின்சாரசபை எல்லாம் ஃபைலோட. கமெரா நிக்கிற முதல் ஒரு மணித்தியாலம் ஒரே சத்தம். ஒருத்தர் மேசையில தட்டுவார், மற்றவர் தலைவரைப் பாத்து எனக்கு நேரம் தாங்கோ எண்டுவார், மொழிபெயர்ப்பு எங்க எண்டு ஒரு சண்டை. பிறகு பிளேன்டியும் ரோல்ஸும் வரும், வீடியோ எடுக்கிற பெடியள் பாதிப்பேர் எழும்பிப் போயிடுவாங்கள். அதுக்குப் பிறகுதான் கூட்டம்.

ரெண்டு பக்கத்து எம்பியும் எழும்பி, வன இலாகா எல்லைக்கல்லுப் போட்ட வயல்காணியைப் பற்றி ஒரே கேள்வியைக் கேப்பாங்க, ஏனெண்டா அந்த வயல்ல தமிழன், முஸ்லிம், சிங்களவன் மூண்டு பேருக்கும் பங்கு இருக்கு. சுருக்குவலை மீன்பிடிப் பிரச்சினை வந்தா மட்டும் எல்லாரும் கொஞ்சம் அடக்கி வாசிப்பாங்க, வலை போடுறவனும் வாக்காளன், பாதிக்கப்பட்டவனும் வாக்காளன். யானை வேலி எண்டா நூறு வீதம் ஒற்றுமை, யானைக்கு வாக்கு இல்லைத்தானே. அதிகாரி, நடவடிக்கை எடுக்கப்படும் எண்டு எழுதுவார். அடுத்த கூட்டத்தில அந்த வரியை ஞாபகம் வச்சுக் கேக்கிற எம்பி ஆர் எண்டு பாருங்கோ. வீடியோவில அவர் வரமாட்டார்.

நிலாவெளி வாசகர்: நான் தமிழரசின்ட வீட்டுச் சின்னத்துக்குப் போட்ட வாக்கில பிரதேச சபைக்கு வந்த உறுப்பினர் வேற கட்சித் தவிசாளருக்குக் கை தூக்கினார். என்ட வாக்கை வித்துட்டாரா?

வித்ததும் இருக்கலாம், பிழைப்பு நடத்தினதும் இருக்கலாம். 2018ல கலப்பு முறை வந்ததில இருந்து கன இடத்தில தொங்கு சபைதான், 2025 மே தேர்தலுக்குப் பிறகும் அதே கதை, தனிய ஆரும் தவிசாளரை எடுக்க ஏலாது. தெரிவு அண்டைக்கு முதல் சண்டை ஆளைப் பற்றி இல்ல, வாக்கெடுப்பு இரகசியமா பகிரங்கமா எண்டதுதான். இரகசியம் வேணும் எண்டு அடம்பிடிக்கிற பக்கத்தைக் கொஞ்சம் கவனிச்சு வையுங்கோ. யாழ்ப்பாணத்தில 2020 கடைசியில மாநகர முதல்வரின்ட பாதீடு ரெண்டு தரம் தோத்து, கஜேந்திரகுமார்ட முன்னணியில கேட்டு வந்த மணிவண்ணன் ஒரே ஒரு வாக்கால முதல்வராக வந்தது டக்ளஸ் தேவானந்தாவின்ட ஈபிடிபி கை கொடுத்ததால. அதுக்கு முதல் நாள் வரை அந்த ரெண்டு பக்கமும் பேசின பேச்சை இந்தப் பத்திரிகையில அச்சடிக்க ஏலாது.

உங்கட உறுப்பினரிட்ட ஒரே கேள்வி கேளுங்கோ: கை தூக்கினதுக்கு எங்கட வட்டாரத்துக்கு என்ன எழுதி வாங்கினீங்க? கழிவு வண்டியா, கடற்கரை ரோட்டு லைட்டா, உப தவிசாளர் கதிரை மட்டுமா? முகத்தைப் பாத்தே விடையை எடுக்கலாம்.

மூதூர் வாசகர்: எல்லாத்தையும் சந்தேகப்படுறீங்க. உண்மையான ஒத்துழைப்பு ஒண்டும் இல்லையா?

இருக்கு. 2016ல அரச நிறுவனங்களின்ட கணக்கைப் பாக்கிற பாராளுமன்றக் கோப் குழு, மத்திய வங்கி பிணைமுறி விற்பனை பற்றின அறிக்கை. தலைவர் ஜேவிபியின்ட சுனில் ஹந்துன்நெத்தி, குழுவில ஆளுங்கட்சி ஐதேக ஆக்களும் இருந்தாங்க, தங்கட அரசாங்கம் போட்ட மத்திய வங்கி ஆளுநர்ட விஷயம். மாசக்கணக்கா உள்ளுக்குள்ள இழுபறி, கடைசியில ஐதேக ஆக்கள் அறிக்கைக்குக் கீழ அடிக்குறிப்புப் போட்டாங்க, நாடே சிரிச்சிச்சு. ஆனா அறிக்கை வெளியில வந்திச்சு, ஆளுநருக்கு எதிரான முடிவும் அதில இருந்திச்சு. அடிக்குறிப்போட எண்டாலும் வந்ததே பெரிசு. உள்ளூராட்சி சபைகளில பொம்பிளையளுக்கு 25 வீதம் எண்டதுக்கு எல்லாக் கட்சிப் பெண் எம்பிமாரும் சேர்ந்து நிண்டதையும் சொல்லவேணும், தங்கட கட்சி ஆம்பிளையள்தான் அதில அவங்களுக்கு எதிர்க்கட்சி.

இன்னொண்டு கடலுக்கு அங்கால. 2022 ஏப்ரல் 29, இஞ்ச நாங்க காஸ் சிலிண்டரோட வரிசையில நிக்கிற நேரம், தமிழ்நாடு சட்டசபையில எங்களுக்கு அரிசி, பால்மா, மருந்து அனுப்பிறதுக்கு ஸ்டாலின் கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதா நிறைவேறிச்சு, எதிர்ப்பக்கத்து ஓ. பன்னீர்செல்வம் தன்ட பக்கத்தில 50 லட்சம் தாறன் எண்டு எழும்பிச் சொன்னார். திமுகவும் அதிமுகவும்! அந்த அரிசி மூட்டையை எங்கட பக்கத்திலயும் வாங்கின சனம் இருக்கு. எங்களுக்கு அங்க வாக்கு இல்ல, ஆருக்கும் ஒரு சீட்டும் கூடப்போறேல்ல, பேர் வந்திருக்கும், அவ்வளவுதான்.

சல்லி, கடற்றொழில் சங்கத்தில இருக்கிற அக்கா ஒருத்தர்: எங்கட இறங்குதுறை விஷயமா மாவட்டத்தின்ட நாலு எம்பிமாரிட்டயும் ஒரே கடிதத்தில கையெழுத்து வாங்கலாம் எண்டு யோசிக்கிறம். ரெண்டு பேர் ஆளுங்கட்சி, ஒருத்தர் சஜித்ட ஆள், ஒருத்தர் தமிழரசு. நடக்கிற காரியமா?

நடக்கும் அக்கா, ஆனா போற ஒழுங்கு முக்கியம். முதல்ல ஆளுங்கட்சிக்காரரிட்டப் போகாதீங்கோ, நாங்க ஏற்கனவே செய்யிறம், கடிதம் எதுக்கு எண்டுதான் சொல்லுவாங்க. எதிர்க்கட்சி ரெண்டு பேரிட்டயும் முதல்ல வாங்குங்கோ, அதைக் காட்டினா மற்ற ரெண்டு பேருக்கும் போடாம இருக்க ஏலாது, சனம் என்ன சொல்லும் எண்டு வரும். கடிதத்தில ஆரையும் புகழவும் வேணாம் ஏசவும் வேணாம், எந்த இடம், எத்தனை படகு, எவ்வளவு நீளம், எந்தத் திணைக்களம் எண்டு மட்டும் எழுதுங்கோ, தமிழிலயும் சிங்களத்திலயும். கையெழுத்து வாங்கேக்க போட்டோ எடுக்கச் சொல்லி அவங்களே கேப்பாங்க, எடுங்கோ, நாலு பேருக்கும் தனித்தனியா எடுங்கோ, ஒண்டாச் சேர்க்கப் போனா திகதி பிந்தும். அரசாங்க அதிபருக்கு ஒரு கொப்பி பதிவுத் தபாலில அனுப்பி, அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின்ட நிகழ்ச்சி நிரலில இதைப் போடச் சொல்லிக் கேளுங்கோ, கூட்டம் முடிஞ்ச பிறகு கூட்டறிக்கையில இறங்குதுறை எண்ட சொல் இருக்கா எண்டு பாருங்கோ. இல்லாட்டி எனக்கு எழுதுங்கோ.